தண்டையார்பேட்டை சலூன்: ஒரு தட்டு என்றால் மிஷின், தட்டு இல்லை என்றால் கத்திரி

எங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் போன வாரம் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "அக்கா, மிஷின் சத்தம் கேட்டாலே என் பையன் தொண்டை கிழிய அழறான். முடி வெட்ட எங்க கூட்டிட்டுப் போறது?" கையில் பால் பாக்கெட்டோடு நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்றேன். அவரைப் போல அலைகிற மற்ற அம்மாக்களுக்கும் இது உதவட்டும்.

கடை தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் இறங்கி ஐந்து நிமிட நடை. பெயர்ப் பலகை கிடையாது. எதிரே இஸ்திரி வண்டி, வாசலில் பச்சை பெயின்ட் அடித்த மர பெஞ்சு, இந்த இரண்டையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஓர் ஓட்டை ஃபேன். ஏ.சி. இல்லை.

நான் முதலில் அங்கே போனது 2020 பிப்ரவரியில். என் மகனுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அதற்குச் சில மாதம் முன்னால் அவனை ஒரு பெரிய ஏ.சி. சலூனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே ஒருவர் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மிஷினை ஓட்டினார். "குழந்தைங்கன்னா அழத்தான் மேடம் செய்யும்" என்றார்கள். வீட்டுக்கு வந்தும் அவன் காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை; நான்தான் ஊட்டிவிட்டேன். அன்றைக்கு நான் தடுக்காமல் நின்றது இன்றும் மனதை அறுக்கிறது. அதன் பிறகு நாலு மாதம் அவனுக்கு முடியே வெட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் பில் போடும் வேலை பார்க்கிறேன். எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. எங்கள் கிடங்குக்கு வரும் டிரெய்லர் டிரைவர் அண்ணன் ஒருவர்தான், "அங்க கூட்டிட்டுப் போம்மா, அவரு பொறுமையா பாப்பாரு" என்று இந்தக் கடையைச் சொன்னார்.

ஆண்கள் நிறைந்த சலூனுக்குள் எப்படிப் போய் உட்காருவது என்று தயக்கமாகத்தான் இருந்தது. கடைக்கார அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் பிரிந்து கிடந்த தினத்தந்தியை மடித்து எடுத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஒரு பெண் வந்துவிட்டாள் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டால்தான் நமக்கு அங்கே இருக்க முடியாமல் போகும்.

பேச்சு கிரிக்கெட்தான். அந்த வருட ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்கு மார்ச் 29 வான்கடேயில் மும்பையோடு முதல் மேட்ச். அதற்கு முன்னால் மார்ச் தொடக்கத்தில் சேப்பாக்கத்தில் பயிற்சி முகாம். 2019 ஜூலையில் உலகக் கோப்பை அரையிறுதியில் ரன் அவுட் ஆனதிலிருந்து தோனி எந்த மேட்சும் ஆடவில்லை. எனவே அவர் வலைப்பயிற்சிக்கு வருவதே அந்த பெஞ்சுக்குத் திருவிழா மாதிரி. கடையில் உதவிக்கு இருந்த ஜார்க்கண்ட் தம்பிக்கு அதில் தனிப் பெருமை, அவருடைய மாநிலத்துக்காரர் அல்லவா.

அப்போது ஒரு கல்லூரிப் பையன், மும்பை ரசிகன், சொன்னான்: "ரெண்டு வருஷம் தடை வாங்கின டீமு. அதுக்கு இவ்ளோ பில்டப்பா?"

பெஞ்சு சூடாகிவிட்டது. ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். என் மகன் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்தான். சரி, கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேவிட்டேன்.

ஓரத்தில் ஒருவர் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தொப்பியில் ஆரஞ்சு நட்சத்திரம், நடுவில் ஹெச் என்ற எழுத்து. எண்ணெய் டேங்கரில் பம்ப்மேன், லீவில் வந்திருக்கிறார். எல்லாரும் அவரைக் கப்பல் அண்ணன் என்கிறார்கள். அவர் எழுந்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா, கொழந்த பயப்படுது" என்று அடக்கிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "உங்க டீமுக்குத் தடை வந்து போயிடுச்சு. என் டீமு இப்பத்தான் மாட்டியிருக்கு."

அவருடைய டீம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிற அணி. 2017 ஜூலையில் அவர் கப்பல் ஹூஸ்டனில் நின்றபோது கூட வேலை பார்ப்பவர்களோடு ஒரு மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார். அந்த ஸ்டேடியத்தின் மதில்மேல் தண்டவாளம் இருக்கிறதாம். ஹூஸ்டன் ஆட்டக்காரர் பந்தை வெளியே அடித்தால் அதில் ஒரு ரயில் எஞ்சின் ஓடும், பின்னால் பெட்டி நிறைய ஆரஞ்சுப் பழம். ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ரயில் போதாதா? அன்றையிலிருந்து அவர் ஆஸ்ட்ரோஸ் ரசிகர். அடுத்த மாதம் ஹார்வி புயல் வந்து ஹூஸ்டன் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த வருடம்தான் அந்த அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை இறுதித் தொடரில் 4-3 என்று ஜெயித்து முதல் தடவையாகப் பட்டம் வாங்கியது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த எனக்கு, அந்த ஊருக்கு அந்தப் பட்டம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லாமலே புரிந்தது.

அந்தப் பட்டத்தைத்தான் தட்டித் தட்டி வாங்கியிருக்கிறார்கள் என்று 2019 நவம்பரில் வெளியே வந்தது.

"எப்படின்னு காட்டறேன் பாருங்க" என்று கப்பல் அண்ணன் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். கடைக்கார அண்ணன் சீப்பு போட்டு வைக்கிற டின். சீப்புகளைக் கண்ணாடி முன்னால் கொட்டிவிட்டு டின்னை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"நம்ம கீப்பர் மாதிரி அங்க கேட்சர். அடுத்த பந்து வேகமா வரணுமா, வளைஞ்சு வரணுமான்னு கால் நடுவுல விரலைக் காட்டி பந்து போடறவருக்குச் சொல்லுவாரு. அடிக்கிறவருக்கு அது தெரியாது. தெரியாம ஆடறதுதான் ஆட்டமே. இவங்க இன்னா செஞ்சாங்க? மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேமராவை வச்சு கேட்சர் விரலைப் படம் புடிச்சு, ஆட்டக்காரங்க உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துல ஒரு டி.வி.யில பாத்தாங்க. அங்க ஒரு குப்பைத் தொட்டி. வளைஞ்சு வர்ற பந்துன்னா மட்டையால தொட்டியில தட்டு." டின்னில் சீப்பால் ஒரு தட்டுத் தட்டினார். "தட்டலைன்னா, வேகமான பந்து."

டங்.

என் மடியிலிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

டங். "இப்போ இன்னா பந்துடா ராஜா?"

பதில் வரவில்லை. கப்பல் அண்ணன் தட்டாமல் கையை மட்டும் வீசிக் காட்டினார். காதிலிருந்து ஒரு கை இறங்கியது. "வேகம்" என்றான். நாலு மாதமாக எந்தத் திடீர்ச் சத்தத்துக்கும் உடம்பைச் சுருக்கிக்கொண்ட பிள்ளை, அந்த டின்னைத் தானே வாங்கித் தட்டிப் பார்த்தான். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த பெஞ்சில் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் சொன்னார்: "ரெண்டாவது பேஸ்ல, அதாவது கேட்சருக்கு நேர் எதிர்ல, ஓட நிக்கிறவன் வெறும் கண்ணால அந்த விரலைப் பாத்து சொன்னா அது தப்பில்ல, அது கெட்டிக்காரத்தனம். கேமரா வச்சுப் பாத்தா திருட்டு. ஏன்னா, அடுத்து இன்னா வருதுன்னு தெரியாததுலதான் பயம். தெரிஞ்சுட்டா பயம் போயிடும். பயம் போனா யாரும் அடிப்பான்."

கடைக்கார அண்ணன் அதுவரை ஒருவருக்கு ஷேவிங் செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கத்தியை மடக்கி வைத்துவிட்டு என் மகன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ராஜா, நமக்கும் அதே மாதிரி வச்சுக்கலாமா? நான் நாற்காலிக் கைப்பிடியில ஒரு தட்டு தட்டினா மிஷின் வரும். தட்டலைன்னா கத்திரிதான். நீ ரெண்டு தட்டு தட்டினா, நான் கையை எடுத்துடுவேன். ஒப்புதலா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

இதற்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன், எனவே நடந்ததை அப்படியே சொல்கிறேன். நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே பலகை போட்டு அவனை உட்கார வைத்தார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை முதலில் அவன் உள்ளங்கையில் அடித்துக் காட்டிவிட்டுத்தான் தலையில் அடித்தார். பிறகு கத்திரி. பத்து நிமிடம் கத்திரி மட்டும். அதன் பிறகு கைப்பிடியில் ஒரு தட்டு. மிஷினைத் தலைக்குக் கொண்டு போகவில்லை. ஓடவிட்டு, பின்பக்கத்தை அவன் கையில் வைத்தார். அதிர்வு பழகட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் இன்னொரு தட்டு. பிடரியில் ஒரே ஓர் இழுப்பு. என் மகன் உடனே இரண்டு தட்டுத் தட்டினான். அண்ணன் சொன்னபடி கையை எடுத்துவிட்டார். இப்படி நாலு தடவை நிறுத்தினார். வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, "அவ்ளோதான் கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்று பொய்யும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. பிள்ளை அழவில்லை.

பெஞ்சில் மறுபடி பேச்சு சூடு பிடித்தது. கப்பல் அண்ணனுக்கு ஆறாத கோபம் எதில் என்றால், தட்டினவர்கள் ஆட்டக்காரர்கள், தண்டனை அவர்களுக்கு இல்லை என்பதில். ஜனவரி 13 அன்று லீக் தலைமை அறிக்கை கொடுத்தது. மேலாளருக்கும் (நம் கோச் மாதிரி) பொது மேலாளருக்கும் ஒரு வருடத் தடை. அன்றைக்கே உரிமையாளர் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். 2020, 2021 இரண்டு வருடமும் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் முதல் இரண்டு சுற்று பறிபோனது. உள்ளதைச் சொன்னால் தண்டிக்க மாட்டோம் என்று ஆட்டக்காரர்களுக்கு முன்பே உறுதி கொடுத்திருந்தார்கள். பட்டமும் பறிக்கப்படவில்லை. பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் தொடங்கியபோது நிருபர்களைக் கூப்பிட்டு இரண்டு நட்சத்திரங்கள் சுருக்கமாக வருத்தம் தெரிவித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த உரிமையாளரோ, இதனால் ஆட்டம் பாதிக்கப்படவில்லை என்பது போலப் பேசினார். "பாதிக்காதுன்னா எதுக்குடா தட்டினீங்க?" என்று கப்பல் அண்ணன் கேட்டபோது குரல் உடைந்தது. அந்த மனிதர் வேறொரு அணியைத் திட்டவில்லை. தன் அணியைத்தான் கேட்கிறார்.

கப்பல் அண்ணன் ராத்திரி கண்விழித்து அந்த முகாமைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். முதல் பயிற்சி ஆட்டம் வாஷிங்டன் நேஷனல்ஸோடு. 2019 இறுதித் தொடரில் இவர்களைத் தோற்கடித்த அணி அது. வெஸ்ட் பாம் பீச்சில் ஒரே மைதானத்தை இரண்டு அணியும் பங்குபோட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். எதிரணி ரசிகர்கள் குப்பைத் தொட்டிக் கேலியோடு அட்டை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மைதான ஆட்கள் அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள். "எதுக்குப் புடுங்கணும்? கூட்டம் கேக்கத்தான் செய்யும். நின்னு கேட்டுக்கணும்" என்றார்.

மும்பைத் தம்பி, உள்ளே இருந்துவிட்டு வெளியே போட்டுக் கொடுத்தவரைப் பற்றிக் கேட்டான். மைக் ஃபையர்ஸ் என்ற பந்துவீச்சாளர், 2017-ல் அதே அணியில் இருந்தவர், பெயரை மறைக்காமல் பேட்டி கொடுத்தார். பாதி பெஞ்சு, "கூட சாப்பிட்டவன் காட்டிக் கொடுக்கலாமா?" என்றது. எனக்கு அவர்மேல் மரியாதைதான். பெயரைப் போட்டு அவர் சொல்லியிராவிட்டால் இன்றைக்கும் அந்தத் தொட்டி சத்தம் போடாமலே இருந்திருக்கும்.

அப்போதுதான் நானும் பேசினேன். முதல் நாளே, தெரியாதவர்கள் நடுவில் பேசியது எனக்கே ஆச்சரியம்.

2013-ல் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் வெடித்தபோது என் மகன் வயிற்றில். 2015 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை அணிக்கும் ராஜஸ்தான் அணிக்கும் இரண்டு வருடத் தடை விதித்தது. அன்று அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போனைப் பார்த்து வாசித்தார். வீட்டுக்குப் போய் மஞ்சள் சட்டையைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். தூக்கிப் போடவில்லை. ஆனால் 2016, 2017 இரண்டு சீசனும் அதைத் தொடவும் இல்லை. தோனி புனேவுக்கு ஆடினார், ரெய்னா குஜராத்துக்கு. எங்களுக்கென்று யாரும் ஆடவில்லை.

"எங்க டீமுல மேல இருந்தவர் தப்பு செஞ்சாரு, ஆடினவங்களும் பாத்தவங்களும் ரெண்டு வருஷம் சும்மா கெடந்தோம். உங்க டீமுல ஆடினவங்களே தப்பு செஞ்சாங்க, மேல இருந்தவங்களுக்குத் தண்டனை. ரெண்டுலயும் கணக்கு நேரா இல்லண்ணா. ஆனா ஒண்ணு, எங்க தடை முடிஞ்சப்போ நாங்க கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டோம்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. சட்டையை எடுத்துப் போட முடிஞ்சுது. உங்க ஆட்டக்காரங்களுக்கு அந்த நிம்மதி கெடைக்காது" என்றேன்.

கப்பல் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அதாம்மா" என்றார். "அன்னிக்கு நான் மேல் வரிசையில உக்காந்திருந்தேன். எந்தச் சத்தமும் கேட்டதா ஞாபகம் இல்ல. தட்டினாங்களா இல்லையான்னு இப்பவும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அன்னிக்கு நான் கைதட்டினது எதுக்குன்னு எனக்குத் தெரியணும்ல?"

மும்பைத் தம்பி அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது என் மகனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த தடவை நாங்கள் போனது மார்ச் 15. சேப்பாக்கத்தில் பயிற்சியைப் பார்க்கவே கூட்டம் கூடிய முகாம் முந்தின நாள் நின்றுவிட்டது. ஐ.பி.எல். தள்ளிப்போய்விட்டது. ஃபுளோரிடா முகாமும் 12-ம் தேதியோடு சரி. பெஞ்சில் இரண்டு பேர் மட்டும், நடுவில் இடம் விட்டு. அண்ணன் ஒவ்வொருவருக்கும் நடுவே நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைத்தார். பத்து நாளில் ஊரே மூடியது. எங்கள் பக்கம், ராயபுரம் மண்டலமும் தண்டையார்பேட்டை மண்டலமும், எவ்வளவு பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் வீட்டிலேயே கத்திரி வைத்து நானே வெட்டினேன். "அம்மா, தட்டு" என்பான். தட்டாமல் ஒரு முடியைக்கூடத் தொட விடமாட்டான்.

ஜூன் 1 சென்னையில் சலூன்கள் திறக்கலாம் என்றதும் போனோம். ஆதார் எண், பெயர், விலாசம் எல்லாம் நோட்டில் எழுதிய பிறகுதான் வெட்டு. மாஸ்க் கயிறு குறுக்கே வந்ததில் ஒரு பக்கக் கிருதா மேலேறிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. அண்ணனே கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, "இது என் கை தப்புமா, ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு மாதம் வருமானமே இல்லாமல் கடையைத் திறந்தவர் அவர். கட்டாயப்படுத்திப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருடம் சென்னை அணி முதல் தடவையாகப் பிளே ஆஃப் போகாமல் திரும்பியது. ஹூஸ்டனுக்கு 60 ஆட்டம் மட்டுமே கொண்ட சீசன், காலி மைதானத்தில். குளிர்காலம் முழுக்கக் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்த கூட்டம் அவர்களை நேரில் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. தடை வாங்கிய மேலாளர், தடை முடிந்த கையோடு அந்த அக்டோபர் கடைசியிலேயே டெட்ராய்ட் அணியில் மேலாளராகச் சேர்ந்துவிட்டார். இதைச் சொல்லிக் கப்பல் அண்ணன் போன் செய்ததாகக் கடைக்கார அண்ணன் சொன்னார். அவர் அப்போது மறுபடி கடலில்.

2022 நவம்பர் 6, ஞாயிறு. ஆறரைக்குக் கடை திறக்கும்போதே கப்பல் அண்ணன் வாசலில் நின்றிருக்கிறார். நாங்கள் ஏழரைக்குப் போனபோது அவருடைய போன் கண்ணாடி முன்னால், பவுடர் டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. இறுதித் தொடரில் ஃபிலடெல்ஃபியாவோடு ஆறாவது ஆட்டம், ஹூஸ்டன் மண்ணில். அந்த வருடம்தான் கேட்சர் விரல் காட்டாமல், மணிக்கட்டில் பட்டன் அழுத்தினால் பந்து போடுபவரின் தொப்பிக்குள் குரல் கேட்கிற கருவி வந்திருந்தது. "இப்ப பாத்துத் திருட விரலே இல்லடா" என்று என் மகனுக்கு விளக்கினார். ஆறாவது இன்னிங்ஸில் யோர்டான் அல்வாரெஸ் அடித்த பந்து நடுமைதானச் சுவரைத் தாண்டி எங்கோ போனது. மூன்று ரன். மதில்மேல் எஞ்சின் நகர்ந்தது. என் மகன் போனுக்கு மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்று அந்த ரயிலைப் பார்த்தான். 4-1. 73 வயது டஸ்டி பேக்கருக்கு மேலாளராக முதல் பட்டம். கப்பல் அண்ணன் கத்தவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு போய் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். 2017-ஐப் பற்றி அன்றும் கேட்டேன். "அது அப்படியேதாம்மா இருக்கும். இது வேற" என்றார்.

சரி, கடைக்கு வருகிறேன். இப்போது பெரியவர்களுக்கு 150 ரூபாய், பிள்ளைகளுக்கு 100. ஜிபே உண்டு. பிளேடு ஒவ்வொருவருக்கும் புதிதாக உடைத்துப் போடுகிறார், நம் கண்முன்னால். கீறல் பட்டால் படிகாரம். வாசனைத் தண்ணீர் வேண்டாம் என்றால் போடமாட்டார். தலை மசாஜ் கேட்காமல் செய்து காசு சேர்க்கிற வழக்கம் இல்லை.

குறைகளும் உண்டு. ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் போனால் இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும். டோக்கன் முறை இல்லை, யார் முன்னால் என்பதில் சில சமயம் சச்சரவு வருகிறது. கழிவறை கிடையாது, சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே புழுக்கம் தாங்காது. அந்த ஃபேன் வெட்டிய முடியைப் பறக்கவிடுகிறது, மாற்றச் சொல்லி நானே மூன்று தடவை சொல்லிவிட்டேன். இப்போதைய பையன்கள் கேட்கிற ஃபேட் கட்டிங் அவ்வளவு நேர்த்தியாக வருவதில்லை. என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. அவனுக்கு அந்தக் கட்டிங்தான் வேண்டும், ஆனாலும் வேறு கடைக்கு வரமாட்டேன் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பலகை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கால் தரையைத் தொடுகிறது. அண்ணன் மிஷினை எடுப்பதற்கு முன் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். அவனும் குனிந்து கொடுத்தான்.

உங்கள் பிள்ளைக்கும் சத்தம் ஆகாது என்றால் செவ்வாய் தவிர (செவ்வாய் லீவு) எந்த நாளும் காலை எட்டு மணிக்குள் போங்கள். துணி கட்டும் முன்பே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். மேல் தட்டில் அந்த பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது. கேட்டால் சீப்புகளைக் கொட்டிவிட்டு எடுத்துக் கொடுப்பார்.